குடும்பத்தோடு க்ரூஸ்: கேபினை எங்கே எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் சிங்கப்பூரில் இருப்பதால், பள்ளி விடுமுறை நெருங்கினாலே ஊரிலிருந்து போன் வந்துவிடும். "மெரினா பேயிலிருந்து கப்பல் போகுதாமே, பினாங்கு, புக்கெட் எல்லாம் காட்டுவாங்களாமே" என்று ஆரம்பித்து, டிக்கெட் விலை, விசா, சைவச் சாப்பாடு எல்லாம் பேசி முடித்து, கடைசியில் எல்லாரும் வந்து முட்டி நிற்கிற இடம் ஒன்றுதான். புக்கிங் பக்கம் நூற்றுக்கணக்கான அறைகளைக் கட்டம் கட்டமாகக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது, எதை எடுப்பது? ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி வாய் வலித்துவிட்டதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இங்கே எழுதிவைக்கிறேன்.

ராத்திரி தூங்கத்தானே போறோம், கேபின் எங்க இருந்தா என்ன?

கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தையோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை அறைக்குத் திரும்புவார்கள். ஈர நீச்சல் உடையை மாற்ற, மதியம் தூங்கவைக்க, மாத்திரை எடுக்க, "அம்மா ஒன் பாத்ரூம்" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓட. சிங்கப்பூரிலிருந்து போய்வந்துகொண்டிருந்த ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் கப்பலின் நீளம் ஏறக்குறைய 347 மீட்டர், அதாவது நம் ஊரில் பதினாலு பதினைந்து பெட்டி கோத்த ரயில். கடைசிப் பெட்டியில் படுக்கை, முதல் பெட்டியில் சாப்பாடு என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

என் கணக்கு இதுதான்: ஒரே வகை அறைக்குள் இடத்தை மாற்றினால் விலை கொஞ்சம்தான் ஏறும் இறங்கும், ஜன்னல் அறையிலிருந்து பால்கனிக்குப் போனால் எகிறும். அதனால் முதலில் இடத்தைப் பாருங்கள், பால்கனி வேண்டுமா என்பதை அப்புறம் பார்க்கலாம். எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறாகச் செய்து ஒரு முறை நன்றாக அனுபவித்தோம், அது ஐந்தாவது பதிலில் வருகிறது.

ஃபார்வர்ட், ஆஃப்ட், போர்ட், ஸ்டார்போர்ட் என்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை

கப்பலின் மூக்கு ஃபார்வர்ட் (நம் மீனவர்கள் அணியம் என்பார்கள்), வால் ஆஃப்ட், இடையில் இருப்பது மிட்ஷிப். மூக்கைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் போர்ட், வலது கைப் பக்கம் ஸ்டார்போர்ட். மாடிக்கு டெக் என்று பெயர். அறை எண்ணின் முதல் ஒன்று அல்லது இரண்டு இலக்கம்தான் டெக்: 8540 என்றால் எட்டாவது தளம், 10234 என்றால் பத்தாவது. மீதி இலக்கங்களை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக வைத்திருக்கிறது, அதை நம்பி இடம் முடிவு செய்யாதீர்கள், டெக் பிளான் படத்தில் விரல் வைத்துப் பாருங்கள்.

பல கப்பல்களில் 13ஆம் தளம் கிடையாது, 12க்கு அப்புறம் 14. இத்தாலியர்களுக்கு 17தான் ஆகாது என்பதால் எம்எஸ்சி என்ற நிறுவனத்தின் கப்பல்கள் சிலவற்றில் அந்தத் தளம் இருக்காது. எட்டாம் நம்பர் வேண்டாம் என்கிற மாமாக்கள் நம்மிடம் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு மலைப்பாதை பஸ்ஸிலேயே வாந்தி வரும். ஆடாத இடம் எது?

ஆடாத இடம் என்று ஒன்று இல்லை, குறைவாக ஆடுகிற இடம் உண்டு: நீளவாக்கில் நடு, உயரவாக்கில் கீழ். கப்பல் அலையில் இரண்டு விதமாக ஆடும். மூக்கும் வாலும் சீசா மாதிரி ஏறி இறங்குவது ஒன்று. பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து வேகத்தடையைத் தாண்டியவர்களுக்கு இது புரியும், நடு சீட்டுக்காரருக்குப் பாதிதான் தூக்கிப்போடும். பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்வது இன்னொன்று. காற்றில் தென்னை மரம் ஆடும்போது அடி அசையாது, உச்சி வீசும் இல்லையா, அது மாதிரி மேல்தளங்களில் சாய்வு அதிகம் தெரியும். பெரிய கப்பல்களில் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க நீருக்குள் துடுப்பு மாதிரி இறக்கைகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஆனால் சீசா ஆட்டத்துக்கு அவை அவ்வளவாக உதவாது, அதனால்தான் நடுப்பகுதி என்று அடித்துச் சொல்கிறேன்.

இடத்தோடு மாதத்தையும் பாருங்கள். மலாக்கா நீரிணையில் ஒரு பக்கம் சுமத்திரா, மறுபக்கம் மலேசியா, நடுவில் கடல் பெரும்பாலும் சாது. அதைத் தாண்டி அந்தமான் கடலுக்குள் புக்கெட் பக்கம் போகும்போது ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆட்டிவைக்கும். வியட்நாம் பக்கம் தென்சீனக் கடலில் போகிற பயணம் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்றின் முறை. அவோமின் மாதிரி மாத்திரையை ஆட்டம் தொடங்கியபின் போட்டுப் பெரிய பயன் இல்லை, முன்னாலேயே போட வேண்டும், குழந்தைக்கு என்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு. இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் பையில் இருக்கட்டும்.

கீழ்த்தளம் என்றால் மட்டமான அறையா? விலையும் குறைவாக இருக்கிறதே

இல்லை. அறை அதேதான், படுக்கை அதேதான். உயரே இருந்தால் உசத்தி என்று நிறைய பேர் நினைப்பதால் மேலே விலை கூடுகிறது, அவ்வளவுதான். கீழ்த்தளத்துக்குப் பெரிய சாப்பாட்டுக் கூடமும் வரவேற்பு மேசையும் கரையில் இறங்கும் வழியும் பக்கம், நீச்சல் குளமும் பஃபேயும் தூரம். ஜன்னல் மட்டும் பெரிய சதுரமாக இல்லாமல் வட்டமாகச் சின்னதாக இருக்கலாம். பகல் முழுக்கக் குளத்திலேயே கிடக்கப்போகிற பிள்ளைகள் என்றால் நடுத்தர உயரத்தில் எடுங்கள், வாந்திக்காரர் வீட்டில் இருந்தால் கீழேயே இருங்கள்.

சத்தம் இல்லாத கேபினை எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் இரண்டாவது பயணத்தில் பஃபேக்கு நேர் கீழே பால்கனி அறை எடுத்தோம். ஒரு மாடி ஏறினால் சாப்பாடு, மாமனாருக்கு வசதி, அலைச்சல் இல்லை என்று எனக்கே ஒரு பெருமை. முதல் நாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு மேலே கடகடவென்று தள்ளுவண்டி உருண்டது. அப்புறம் நாற்காலி இழுக்கிற கர்ர்ர், ஒரு நிமிடம் அமைதி, மறுபடி கர்ர்ர். மூன்று வயது மகள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கூரையைக் காட்டி "மேல யாரும்மா வீடு மாத்தறாங்க?" என்றாள். நாலு ராத்திரியும் இதேதான். மாமனார் மட்டும் சந்தோஷமாக ஐந்து மணிக்கே மேலே போய் முதல் காபியை வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து என் சட்டம் ஒன்றே ஒன்று: மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற தளத்தில் எடு. நீங்கள் எட்டில் பார்க்கிறீர்கள் என்றால் ஏழு, ஒன்பது இரண்டின் டெக் பிளானையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். லிஃப்ட் இருக்கிற இடத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு எண்ணினால் உங்கள் அறைக்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று தெரிந்துவிடும். மேலே இருக்கக்கூடாதவை: பஃபே, நீச்சல் குளம் (சாய்வு நாற்காலிகளை ராத்திரி அடுக்கி விடிகாலையில் பரப்புவார்கள்), ஓடுகிற பாதை, உடற்பயிற்சிக் கூடம். கீழே இருக்கக்கூடாதவை: நாடக அரங்கு, நடன கிளப், இசைக் கச்சேரி நடக்கிற பார். படத்தில் பெயரே போடாமல் வெள்ளையாக விட்ட இடங்களிலும் எனக்குச் சந்தேகம் உண்டு, அங்கே சமையல் கிடங்கோ பணியாளர் அறையோ இருக்கும், வண்டி உருளும்.

மூக்குப் பக்கத்துக் கீழ் அறைகளில் கப்பல் துறைமுகத்தில் ஒதுங்கும்போது அதைப் பக்கவாட்டில் தள்ளுகிற, நீருக்குள் இருக்கிற விசிறிகள் இரைவது கேட்கும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுப் படகில் ஆட்களை இறக்குவார்கள், காலையில் அந்தச் சங்கிலி இறங்குகிற சத்தம் அலாரமே வேண்டாம் என்று செய்துவிடும். வால் பக்கத்துக் கீழ் அறைகளில் சத்தத்தைவிட அதிர்வுதான், தண்ணீர்க் குவளை மேசையில் மெல்ல நடுங்கும். சிலருக்கு அது தாலாட்டு.

மாமியாருக்கு முட்டி வலி. லிஃப்ட் பக்கத்திலேயே எடுத்தால் சத்தமாக இருக்காதா?

லிஃப்ட் சத்தத்தைவிட லிஃப்டுக்குக் காத்திருக்கிற மனிதர்களின் பேச்சுதான் சத்தம். அதனால் லிஃப்ட் கூடத்தைப் பார்த்தபடி இருக்கிற முதல் இரண்டு மூன்று அறைகளை விட்டுவிட்டு, நடைபாதைக்குள் நாலாவது ஐந்தாவது அறையாக எடுங்கள். பதினைந்து இருபது அடி கூடுதல் நடை, ராத்திரி நிம்மதி. பெரிய கப்பலில் லிஃப்ட் தொகுதி பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களில் இருக்கும், சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்குவது எது என்று பார்த்து அதன் பக்கத்தில் எடுத்தால் அம்மாவுக்கு நடை பாதியாகும்.

இன்னொன்றை யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். சாதாரண கேபின்களில் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு மேடு இருக்கும், ராத்திரி அரைத்தூக்கத்தில் வயதானவர்கள் அதில்தான் தடுக்குகிறார்கள். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்களுக்கு மேடு இல்லாத, வாசல் அகலமான அறைகள் தனியாக உண்டு. எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும், உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் முதல் ஆளாகக் கேளுங்கள், விசாலமாக இருக்கிறது என்பதற்காக மற்றவர்கள் எடுக்காதீர்கள்.

ஜன்னலே இல்லாத அறையில் குழந்தைக்கு மூச்சு முட்டாதா?

முட்டாது, காற்று குளிர்சாதனம் வழியாக வந்துகொண்டேதான் இருக்கும். பிரச்சினை இருட்டு. விளக்கை அணைத்தால் கை தெரியாது, காலை எட்டா ராத்திரி இரண்டா என்று புரியாது. மதியம் தூங்குகிற கைக்குழந்தை இருந்தால் இதைவிட வரம் வேறு இல்லை. ஒரு சின்ன இரவு விளக்கு கொண்டுபோங்கள், சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டும், ஈரத் துணியை மாட்டலாம். ஸ்பெக்ட்ரம் வகைக் கப்பல்களில் உள் அறைகள் சிலவற்றில் சுவர் உயரத்துக்கு ஒரு திரை வைத்து வெளிக்கடலை நேரலையில் காட்டுகிறார்கள், அண்ணன் மகன் அதைப் பார்த்துக் கதவு என்று நினைத்துப் போய் முட்டிக்கொண்டான்.

உள் அறை எடுத்து மிச்சமான காசில் இரண்டு உள் அறையாகவே எடுக்க முடியுமா என்றும் பாருங்கள். இரண்டு குளியலறை கிடைக்கும், காலையில் அதன் அருமை தெரியும்.

பால்கனி எடுக்கப் பயமாக இருக்கிறது, பையன் ஒரு குரங்கு

பயம் நியாயம்தான், ஆனால் அளவோடு பயப்படுங்கள். அமெரிக்காவின் 2010 சட்டம் ஒன்று கப்பல் கைப்பிடிச் சுவர் குறைந்தது 42 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது, அதாவது மூன்றரை அடி. சின்னப் பிள்ளை தானாக ஏறித் தாண்டுவது கடினம். ஆபத்து நாற்காலியில்தான். பால்கனியில் இருக்கிற நாற்காலியையும் குட்டி மேசையையும் இழுத்துப்போட்டு ஏறினால் உயரம் எல்லாம் காற்றில் போச்சு. அறைப் பணியாளரிடம் சொல்லி அவற்றை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள், கதவின் மேல்பூட்டு குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று ஏறியதும் பாருங்கள். இதையெல்லாம் கவனித்தும் ராத்திரி தூக்கம் வராது என்று தோன்றினால் திறக்க முடியாத ஜன்னல் அறையை எடுங்கள், கடலும் தெரியும், நிம்மதியும் உண்டு. என் தங்கை அப்படித்தான் செய்தாள்.

இடதா வலதா? எந்தப் பக்கம் நல்ல காட்சி?

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும்போது கப்பல் வடமேற்கே போகிறது. வலது பக்கம் மலேசியக் கரை, காலை வெயில். இடது பக்கம் சுமத்திரா திசை, பின்மதிய வெயில், அஸ்தமனம். திரும்பும்போது எல்லாம் தலைகீழ். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எப்போதும் போகாது, ராத்திரியில் சரக்குக் கப்பல் விளக்குகள்தான் வரிசையாகத் தெரியும், அதுவே அழகு. துறைமுகத்தில் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதை அன்றைய நிலவரம் பார்த்துதான் முடிவு செய்வார்கள். இந்தக் கேள்விக்கு ரொம்ப மண்டையை உடைக்காதீர்கள்.

நாங்க நாலு பேர். ஒரே ரூமா, ரெண்டு ரூமா? கனெக்டிங், அட்ஜாயினிங் ரெண்டும் ஒண்ணுதானே?

நாலு பேர் அறை என்றால் ஒரு இரட்டைக் கட்டில், ஒரு சோபாப் படுக்கை, கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்குகிற ஒரு தொங்கு கட்டில். பிள்ளைகளுக்கு அந்த ஏணிக் கட்டில்தான் கப்பலிலேயே பெரிய அதிசயம், முதல் ராத்திரி யார் மேலே படுப்பது என்று சண்டை நடக்கும். எல்லாம் விரித்தால் நடக்க இடம் இருக்காது. மூன்று ராத்திரிக்குச் சமாளிக்கலாம், ஏழு ராத்திரி என்றால் இரண்டு அறை.

கனெக்டிங் என்றால் இரண்டு அறைக்கும் நடுவில் உள்ளே ஒரு கதவு. அட்ஜாயினிங் என்றால் பக்கத்துப் பக்கத்து அறை, நடுவில் சுவர். ஏஜென்ட்கள் இரண்டையும் குழப்புவார்கள், அதனால் அறை எண்ணை வாங்கி டெக் பிளானில் நடுக்கதவுக் குறி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒவ்வொரு அறையிலும் பெரியவர் ஒருவர் பெயர் இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும், அப்பா பெயரில் ஒன்று, அம்மா பெயரில் ஒன்று என்று போட்டுவிட்டு ஏறியபின் சாவி அட்டையை மட்டும் சரிசெய்துகொள்ளலாம். இரண்டு குடும்பம் பக்கத்துப் பக்கத்துப் பால்கனி எடுத்தால், பல கப்பல்களில் நடுத் தடுப்பைத் திறந்துவிடுவார்கள், கேட்க வேண்டும்.

கனெக்டிங் தேவையில்லாதவர்கள் அந்த அறையை எடுக்காதீர்கள். நடுக்கதவு வழியாகப் பக்கத்து அறை டிவி வரை கேட்கும்.

நாலு பேர் என்று போட்டால் அறையே இல்லை என்கிறது, மூன்று என்றால் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. கப்பலில் ஒவ்வொரு அறையும் ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய ஓர் இடத்தோடும், அந்த இடம் அதற்குரிய உயிர்காப்புப் படகுகளோடும் கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியில் படகுக் கணக்கு நிறைந்துவிட்டால், அறையில் நாலாவது கட்டில் காலியாக இருந்தாலும் நாலாவது ஆளை ஏற்க மாட்டார்கள். முன்பக்கம், பின்பக்கம் என்று வேறு பகுதியில் தேடிப்பாருங்கள், கிடைக்கலாம். விடுமுறை மாதங்களில் இந்தப் பிரச்சினை நிறைய வரும், மூன்று நாலு பேர் ஒரே அறை என்றால் சீக்கிரம் புக் செய்யுங்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

கைக்குழந்தையும் ஓர் ஆள் கணக்குதான். பெரும்பாலான பயணங்களில் ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும், நீண்ட கடல் பயணம் என்றால் ஒரு வயது.

"கியாரண்டி" கேபின் விலை குறைவாக இருக்கிறதே?

அறை வகை மட்டும் உங்களுடையது, இடத்தை அவர்கள் முடிவு செய்வார்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிற விலைக்குறைப்பு அது. இரண்டு அறை எடுத்தால் ஒன்று ஆறாவது தளத்தில் முன்னால், மற்றொன்று பத்தில் பின்னால் என்று வரலாம். கல்லூரி நண்பர்கள் போகலாம். குழந்தையோடு வேண்டாம்.

"மறைப்பு உள்ள காட்சி" என்று மலிவாக ஒரு ஜன்னல் அறை வருகிறது

ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்குகிறது என்று அர்த்தம். சில அறைகளில் பாதிக் கடல் தெரியும், சிலவற்றில் ஆரஞ்சு நிறப் படகு மட்டும்தான். எனக்குப் பிடித்த பேரம் இது: பகல் வெளிச்சம் வந்துவிடும், உள் அறை இருட்டு இருக்காது, படகுகள் நடுத்தளத்தில் தொங்குவதால் ஆட்டமும் குறைவு. கீழே கச்சேரிக் கூடம் இல்லையே என்று மட்டும் ஐந்தாவது பதிலில் சொன்னபடி பாருங்கள்.

கப்பலின் மூக்கிலோ வாலிலோ அறை எடுத்தால் சினிமா மாதிரி இருக்குமே?

வால் பால்கனியில் உட்கார்ந்தால் கப்பல் கிழித்துவிட்டு வருகிற வெள்ளைக் கோடு அடிவானம் வரை தெரியும், அழகுதான், ஆனால் நடை அதிகம், அதிர்வு உண்டு, சில நேரம் புகைக்கரி வந்து விழும். மூக்குப் பக்கத்து முன்முக அறையில் ராத்திரி திரையை மூடியே வைக்கச் சொல்வார்கள், மேலே கப்பலை ஓட்டுகிறவர்களுக்கு முன்னால் வெளிச்சம் தெரியக்கூடாது. ஆட்டத்தைப் பற்றி மூன்றாவது பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

சென்னையிலிருந்து போகிற கப்பலுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

இன்னும் அதிகமாகவே பொருந்தும். சென்னையிலிருந்து இலங்கைக்குப் பயணங்கள் நடத்திய கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் 1990இல் கட்டிய கப்பல், நீளம் சுமார் 210 மீட்டர். ஸ்பெக்ட்ரம் 2019இல் வந்தது. சின்னக் கப்பலில் நடை குறைவு, ஆனால் வங்காள விரிகுடா அலையில் ஆட்டம் கூடுதலாகத் தெரியும், அதனால் நடு, கீழ் என்பதைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் பால்கனி அறைகள் கொஞ்சம்தான், பெரும்பாலும் உள் அறையும் ஜன்னல் அறையும், அந்த வகையில் குழப்பம் மிச்சம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பது சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை.

ஏறிய பிறகு அறை பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவார்களா?

விடுமுறைக் காலத்தில் கப்பல் நிறைந்துதான் கிளம்பும், அதனால் அநேகமாக மாட்டார்கள். இருந்தாலும் ஏறிய உடனே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், வரவேற்பு மேசைக்குப் போய்க் கேளுங்கள், ஏறாமல் விட்டவர்களின் அறை ஒன்றிரண்டு இருந்தால் அப்போதுதான் கிடைக்கும். கசிவு, குளிர்சாதனக் கோளாறு என்றால் சரிசெய்வார்கள். நாற்காலிச் சத்தம் என்று நான் போய்ச் சொன்னபோது அந்தப் பெண் மிகுந்த அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, இழுப்பறையைத் திறந்து, காதில் வைக்கிற பஞ்சு நாலு ஜோடி எடுத்துக் கொடுத்தாள்.